நிலவு மறைந்துவிடின்

வகுப்பில் அறிவியற் பாடம் நடத்திய நாட்களில், "வானில் நிலவு மறைந்துவிட்டால் என்ன நேரும்?" என்று மாணவியரை வினவுவது நம் வழக்கம். "இரவு இருண்டுவிடும்" என்பதே பெரும்பாலோர் விடை. அது தவறன்று, ஆயினும் இழப்புகளுள் அதுவே மிகச் சிறியது. அவ்வினாவை ஈண்டு நம் இல்லத்தாருடன் மீண்டும் ஆராய்வோம்.

முதற்கண் கடல். ஓதம் எனப்படும் கடலின் ஏற்றமும் வற்றமும் நிலவு, கதிரவன் ஆகிய இரண்டின் ஈர்ப்பால் நிகழ்வன. கதிரவனின் பங்கு நிலவின் பங்கில் பாதிக்கும் சற்றுக் குறைவு. ஆகவே நிலவு மறைந்தாலும் ஓதம் அறவே நின்றுவிடாது, மெலிந்துவிடும். தமிழகக் கரையில் அது ஏறத்தாழ ஒரு மீட்டர் அளவே ஆதலின் நாம் பொருட்படுத்துவதில்லை. குஜராத்தின் காம்பே வளைகுடாவிலோ பத்து மீட்டர் அளவுக்கு நீர் உயர்கின்றது. அங்குள்ள அலங் கடற்கரையில், அமாவாசை, பௌர்ணமியை ஒட்டி வரும் பேரோதத்தில்தான் பழைய கப்பல்களைக் கரையேற்றி உடைக்கின்றனர். நிலவு இன்றேல் அத்தொழிலாளர் வேறு தொழில் தேடிக்கொள்ளலாம். நீர் ஏறி இறங்கும் கரையையே வீடாகக் கொண்ட சிப்பியும் நண்டும் எங்குச் செல்லும்?

இதனினும் பெரிது பூமியின் அச்சு. இன்று 23.4 பாகை சாய்ந்திருக்கும் இது, சுமார் 41,000 ஆண்டுகளுக்கு ஒருமுறை 22.1 பாகைக்கும் 24.5 பாகைக்கும் இடையே மெல்ல அசைகின்றது. இவ்வளவு சிறிய அசைவோடு அதனைக் காத்துவருவது நிலவே. பெரிய துணைக்கோள் இல்லாத செவ்வாயின் அச்சு மிகவும் அலைந்துள்ளது. நிலவு இல்லாத பூமியின் அச்சு 85 பாகை வரை சாயக்கூடும் என்று 1993இல் பிரெஞ்சு அறிஞர் ழாக் லாஸ்கர் குழுவினர் கணக்கிட்டனர். அவ்வாறாயின் வந்தவாசியில் கோடையில் ஏறத்தாழ மூன்று வாரம் கதிரவன் மறையாது. குளிர்காலத்தில் மூன்று வாரம் உதிக்காது. பகலில் மட்டுமே உண்ணும் நம்மவர் அப்பொழுது என் செய்வர் என்று எண்ணிப் பார்த்ததுண்டு.

இதனையே நாம் பல ஆண்டுகள் கற்பித்தோம். ஓய்வு பெற்றபின், 2012இல், அமெரிக்க அறிஞர் சிலர் கணினியால் மீண்டும் கணக்கிட்டு, பல கோடி ஆண்டுகள் சென்றாலும் அவ்வசைவு பெரும்பாலும் 20 முதல் 25 பாகை அகலத்துள் அடங்கும் எனக் கண்டனர். நம் பழைய குறிப்பேட்டைத் திருத்திவிட்டோம். அன்று பயின்ற மாணவியர்க்குத்தான் இச்செய்தி இவ்விதழ் வாயிலாக இப்பொழுது செல்கின்றது. 25 பாகை என்பதும் இன்றுள்ள அசைவினும் பத்து மடங்கு. பருவத்தை நம்பி விதைப்போர்க்கு அதுவே பேரிடர்.

இறுதியாகத் திதி. கதிரவனை விட்டு நிலவு 12 பாகை விலகும் காலமே ஒரு திதி. நிலவு இன்றேல் அஷ்டமி ஏது, சதுர்த்தசி ஏது? நம் உபவாச நாட்களை வேறு எதனைக் கொண்டு எண்ணுவது?

நிலவு ஆண்டுதோறும் 3.8 சென்டிமீட்டர் விலகிச் செல்வது மெய்யே. 1969 முதல் நிலவில் வைக்கப்பட்ட ஆடிகளில் லேசர் ஒளியைச் செலுத்தி அளந்துள்ளனர். நம் வழித்தோன்றல்கள் அஞ்சுவதற்கு இதில் ஏதுமில்லை.

வரும் பௌர்ணமி முதல் ஐந்து நாட்கள், நிலவு எழும் நேரத்தைப் பிள்ளைகள் குறித்து வரட்டும். நாள்தோறும் சராசரி 50 நிமிடம் பிந்தும். பஞ்சாங்கத்தின் திதியை அக்குறிப்பின் அருகே எழுதி ஒப்பிட்டுப் பார்க்கச் செய்யுங்கள்.