போர் தண்ணீரில் குட்டி சிக்லிட்

சித்தூர், திருப்பதி பக்கம் பல வீடுகளில் வருவது உப்புப் படியும் போர் தண்ணீர். ‘ராம்’ எனும் குட்டி சிக்லிட் மீனோ தென் அமெரிக்காவின் ஒரினோகோ படுகையில், மென்மையான நீரில் பிறந்தது. போர் தண்ணீரில் பிழைத்துக்கொள்ளும். முட்டை பொரிப்பதுதான் சிரமம். ஆர்.ஓ. தண்ணீரோ, ஐப்பசியில் மாடியில் பிடித்த மழைநீரோ பாதிக்குமேல் கலக்கவும். முதல் மழை வேண்டாம். அது மாடி அழுக்கைக் கழுவி வரும்.

வெப்பம் நம் ஊர் தரும் சீதனம்: 27 முதல் 30 டிகிரி இதற்கு இதம். மார்கழி இரவுக்கு மட்டும் ஹீட்டர்.

காய்ந்த நாட்டு வாதுமை இலை ஒன்று போட்டால் தண்ணீர் டீ நிறமாகும். பயந்து கொட்டிவிடாதீர்கள், மீனுக்குப் பிடித்ததே அதுதான்.

முட்டையிட ராமுக்குத் தட்டைக் கல் போதும். இன்னொரு குட்டி சிக்லிட்டான அபிஸ்டோகிராமா பொந்து தேடும். அதற்குக் கொட்டாங்குச்சியில் ஓட்டை போட்டுக் கவிழ்த்து வையுங்கள். கடையில் விற்கும் பொம்மைக் கோட்டை தண்டச்செலவு.

முட்டை இரண்டு, மூன்று நாளில் பொரியும். குஞ்சுகள் நீந்தத் தொடங்கிய பிறகே தீனி: அன்றன்று பொரித்த ஆர்ட்டீமியா எனும் உப்புநீர் இறால் குஞ்சு. முதல் ஈட்டைப் பெற்றோரே தின்றுவிடுவது சகஜம்.

சென்னை கொளத்தூரிலிருந்து மீன் வாங்கி வந்தால், தொட்டித் தண்ணீரைச் சொட்டுச் சொட்டாகச் சேர்த்துப் பழக்கிய பிறகே தொட்டியில் விடுங்கள்.