தை முடிவதற்குள் தட்டுப்போர் போடுங்கள்

சேலம், நாமக்கல் மானாவாரிக் காடுகளில் சோள அறுவடை முடிந்து தட்டு மலிவாகக் கிடைப்பது இப்போதுதான். சித்திரையில் இதே தட்டை லாரி வாடகையோடு வாங்கினால் பால் பணம் அதற்கே சரியாகிவிடும். நம் வறண்ட பூமியில் கறவை மாட்டின் லாபநட்டம் பெரும்பாலும் தை, மாசியிலேயே முடிவாகிவிடுகிறது.

பச்சை இல்லாத நாளில் கலப்பின மாடு ஒன்றுக்கு 7, 8 கிலோ தட்டு வேண்டும். மாசி முதல் வைகாசி வரை ஏறக்குறைய 900 கிலோ. கட்டுத்தறியில் நிற்கும் அத்தனைக்கும் அவ்வளவு போர் போட முடியாதென்றால் மாட்டைக் குறையுங்கள்.

எதைக் குறைப்பது? பால் கறந்தாலும் கறக்காவிட்டாலும் உடம்பைக் காக்க மாட்டுக்கு நாளுக்கு 2 கிலோ அடர்தீவனம் வேண்டும். அதற்குமேல் இரண்டரை லிட்டர் பாலுக்கு 1 கிலோ. ஆவின் பசும்பால் கொள்முதல் விலை 2023 டிசம்பரில் 35 ரூபாயிலிருந்து 38 ஆனது. அந்த விலையில், தீவனம் கிலோ 30 ரூபாய் என்று வைத்தால், 10 லிட்டர் மாட்டில் தீவனம் போக 200 ரூபாய் நிற்கும். 4 லிட்டர் மாட்டில் 44 ரூபாய்தான்; தட்டும் ஆள்கூலியும் அதற்குள் அடங்காது. சினையும் பிடிக்காமல் 4 லிட்டரில் நிற்பதை இப்போதே விற்றுவிடுங்கள். வளர்த்த மனசு கேட்காது, தெரியும். ஆனால் எல்லோரும் சந்தைக்கு ஓட்டி வரும் வறட்சியில் கேட்ட விலை கிடைக்காது.

தட்டை முழுசாகப் போடுகிறவர்கள் காலையில் காடியைப் பாருங்கள். தோகை போயிருக்கும், தடித்த தண்டு அப்படியே கிடக்கும், கீழே இழுத்துப் போட்டது மூத்திரத்தில் ஊறியிருக்கும். நறுக்கிப் போட்டால் தண்டையும் தின்றுவிடும். நறுக்கும் மிஷினை நாலு வீடு சேர்ந்து வாங்கலாம்.

கிணற்றில் தண்ணீர் இருக்கும்போதே 10 சென்டிலாவது கோ எஃப்எஸ் 29 சோளம் விதையுங்கள். 65 நாளில் முதல் அறுப்பு, பிறகு 50 நாளுக்கு ஒன்று. தண்ணீரில்லாமல் வாடிய இளம் சோளப்பயிரை மட்டும் மாடு மேயவே கூடாது. அதிலுள்ள நஞ்சு உயிரையே வாங்கிவிடும்.

சேகோ ஆலைத் திப்பி மலிவுதான், ஆனால் அதில் புரதம் மிகக் குறைவு. கடலைப் புண்ணாக்கோடு கலந்து கொடுங்கள். பூசணம் பிடித்ததைத் தொடாதீர்கள்.

வெயில் ஏறினால் பருவத்துக்கு வந்த மாடு கத்துவது குறையும். விடியலிலும் இரவிலும் போய்ப் பாருங்கள். ஒரு பருவம் தவறினால் 21 நாள் தீவனம் வீண். காலையில் கத்தினால் மாலையில் சினை ஊசி, மாலையில் கத்தினால் மறுநாள் காலை. கன்று போட்டு மூன்று மாதம் கடந்தும் பருவத்துக்கு வராத மாட்டை மாசிக்குள் நாமக்கல் கால்நடை மருத்துவக் கல்லூரியில் காட்டுங்கள்.