ஊர் கூடி விளையாட

ஈக்காட்டுத்தாங்கல் என்னும் பெயரிலேயே நீர் இருக்கிறது. தாங்கல் என்பது மழைநீரைத் தேக்கும் சிற்றேரி. இன்று ஒரு புறம் 1958-இல் தோன்றிய கிண்டித் தொழிற்பேட்டை. மறுபுறம் நூறடிச் சாலை. அங்கே 2015 முதல் மெட்ரோ இரயில். இடையே நெருங்கிய வீடுகள். பந்து உருட்ட இடம் எங்கே என்று பிள்ளைகள் கேட்டால் என்ன விடை சொல்வது?

அடையாற்றின் போக்கிலே சிறிது தூரம் சென்றால் நந்தனத்தில் ஒய்.எம்.சி.ஏ. உடற்கல்விக் கல்லூரி இருக்கிறது. 1920-இல் ஹாரி குரோ பக் என்னும் அமெரிக்கர் சென்னையில் தொடங்கியது. 1924 பாரிஸ் ஒலிம்பிக்கிற்கு இந்திய அணியுடன் சென்றவர் அவர். எனினும் உடற்கல்வி ஆசிரியர்களை உருவாக்கியதே அவருடைய பெரும்பணி என்பது என் கருத்து. வீரன் ஒருவன் பதக்கம் கொணர்வான்; ஆசிரியர் ஒருவரோ ஓர் ஊரையே ஆட வைப்பார்.

ஊரை ஆட வைத்த ஆட்டம் கைப்பந்து, அதாவது நம் வாலிபால். 1895-இல் அமெரிக்காவின் ஹோலியோக் நகர ஒய்.எம்.சி.ஏ.வில் வில்லியம் மார்கன் இதை அமைத்தார். 1891-இல் பிறந்த கூடைப்பந்தின் ஓட்டம் நடுவயது வணிகர்களுக்கு மூச்சு வாங்க வைத்ததே காரணம். வயதானோருக்கென்று பிறந்த ஆட்டம் நம் கிராமங்களில் காளையரின் ஆட்டமாகிவிட்டது, வேடிக்கைதான்! அங்கே வலையும் பந்தும் ஊர்ப்பணம்; கம்பம் யாரோ ஒருவர் தோப்பிலிருந்து வரும்; விளக்கு மற்றொருவர் பொறுப்பு. கூட்டுறவு என்று எவரும் அதற்குப் பெயரிடுவதில்லை.

உலக சுகாதார நிறுவனம் 2020-இல் வகுத்த நெறிப்படி, பெரியவர்களுக்கு வாரம் 150 முதல் 300 நிமிடம் மிதமான உடலுழைப்பு வேண்டும். பள்ளிப் பிள்ளைகளுக்கு நாள்தோறும் சராசரி 60 நிமிடம். 65 வயது கடந்தோருக்கு, விழாதிருக்க, சமநிலைப் பயிற்சி வாரம் மூன்று நாள்.

நகரில் இதற்கு இடமுண்டு, பூட்டிக் கிடக்கிறது. பள்ளித் திடல்களைச் சொல்கிறேன். தலைமையாசிரியரின் அச்சம் நியாயமானதே: ஓடு உடைந்தால் யார் பொறுப்பு? மின்கட்டணம் யார் கட்டுவது? ஆகவே வாய்ப்பேச்சு போதாது. எழுத்தில் உடன்பாடு வேண்டும். மாநகராட்சி விளக்கைத் தரலாம். தொழிற்பேட்டையார் பந்தும் வலையும் தரலாம். உடற்கல்வி மாணவர்கள் பயிற்சி தரலாம். குடியிருப்போர் சங்கம் பராமரிப்பை ஏற்கலாம்.

ஒன்றை மட்டும் முதலிலேயே எழுதிவிட வேண்டும். பெண்களுக்கும் முதியோருக்கும் தனி நேரம் குறிக்காவிட்டால், கிரிக்கெட் மட்டையுடன் முதலில் வரும் இளைஞர் கூட்டமே திடல் முழுவதையும் பிடித்துக்கொள்ளும். காலை ஐந்தரை முதல் ஏழு வரை முதியோர், மாலை ஐந்து முதல் ஆறரை வரை மாணவியரும் இல்லத்தரசியரும், பிறகு வேலை முடிந்து வரும் தொழிலாளர் என்று வைத்துக்கொள்ளலாம். திடலின் சாவி தெருவிலேயே குடியிருக்கும் ஒருவரிடம் இருப்பது நல்லது.