பெயர் பெறும் முன்பே பிடிபட்ட கருவி

உயிரியல் படிக்கும் நமக்குப் புரதங்களின் பெயர்ப் பட்டியல் என்றாலே ஓர் அலுப்பு. அந்தப் பட்டியலின் ஒரு பகுதி நம் சிங்கப்பூரிலேயே எழுதப்பட்டது என்று அறிந்தபோது எனக்கு அந்த அலுப்பு போயிற்று. அதை இங்கே தமிழில் சொல்லிப் பார்க்கிறேன்.

கிராம்-நெகட்டிவ் பாக்டீரியாவைச் சுற்றி இரண்டு சவ்வுகள் உண்டு. உள்ளே உருவாகும் புரதம் வெளியேற இரண்டையும் கடக்க வேண்டும். இதற்கான புரதக் கருவிகளே சுரப்பமைப்புகள். நோய்க்கிருமிகள் பல இவற்றையே ஆயுதமாக்கிக் கொள்கின்றன.

எட்வர்ட்சியெல்லா டார்டா, மீன்களைக் கொல்லும் ஒரு கிருமி. (மீன்களைத் தாக்கும் இதன் வகைகள் பலவற்றுக்கு 2013ல் எட்வர்ட்சியெல்லா பிசிசிடா என்று பெயர் மாறியது.) சிங்கப்பூர் தேசியப் பல்கலைக்கழகத்தில் கா யின் லியுங்கின் குழு, வீரியமுள்ள கிருமியின் புரதங்களையும் வீரியம் இழந்த கிருமியின் புரதங்களையும் ஒப்பிட்டது. அதில் சிக்கிய ‘ஈவிபி’ புரதங்களைப் பற்றி 2004ல் அறிவித்தது. அப்போது இக்கருவிக்கு உலகில் பொதுப்பெயர் கிடையாது. 2006ல் காலரா கிருமியில் இத்தகைய கருவியைக் கண்ட அமெரிக்க ஆய்வாளர்கள் ‘ஆறாம் வகைச் சுரப்பமைப்பு’ என்றனர். ஈவிபியும் அவ்வகையே.

2007ல் இக்குழு 16 ஈவிபி மரபணுக்களை ஆராய்ந்து, மூன்று புரதங்கள் வெளியேறுவதைக் காட்டியது: ஈவிபி-சி, ஈவிபி-ஐ, ஈவிபி-பி. இதில் ஒரு புதிர். சி இல்லாவிட்டால் ஐ வெளியேறாது. ஐ இல்லாவிட்டால் சி வெளியேறாது. ஏன்?

விடை கருவியின் அமைப்பில் இருக்கிறது. சிராங்கூன் சாலைக் கடைகளில் வளையல்களை அடுக்கி வைத்திருப்பதைப் பார்த்திருப்பீர்கள். சி வகைப் புரதங்கள் ஆறு சேர்ந்தால் ஒரு வளையம். வளையங்கள் அடுக்கினால் ஒரு குழாய். ஐ வகைப் புரதம் அக்குழாயின் வேல்முனை. சுற்றியுள்ள உறை சுருங்கும்போது முனையும் குழாயும் ஒன்றாகப் பாய்கின்றன. ஈவிபி-சியின் முப்பரிமாண வடிவத்தை, அதே பல்கலைக்கழகத்தின் ஜெ. சிவராமன் உள்ளிட்டோர் 2010ல் வெளியிட்டனர்.

இது மீனோடு முடியும் கதையன்று. நம் தீவின் மண்ணிலும் வாழும் மெலியோய்டோசிஸ் கிருமி, மனித உயிரணுக்களை ஒன்றோடொன்று இணையச் செய்து பரவுவதும் ஓர் ஆறாம் வகைக் கருவியால்தான். மருந்துக்கு மசியாத கிருமிகள் பெருகிவரும் இந்நாளில், கிருமியைக் கொல்லாமல் ஆயுதத்தை மட்டும் பறிக்க வழியுண்டா என்று ஆய்வாளர்கள் தேடுகின்றனர். எந்தப் புரதம் இல்லாவிட்டால் எது நின்றுபோகும் என்பது தெரிந்தால்தான் அந்த வழி புலப்படும். மனப்பாடம் செய்ய அலுத்த அந்தப் பட்டியலின் பயன் இதுவே, நண்பர்களே.