அச்சை நாமே அமைப்போம்: வைகை அணையின் கோட்டு வரைபடம்



செய்தித்தாளில் தினமும் வைகை அணை நீர்மட்டம் வருகிறது. நம்ம ஊரில் நெல் போட்டவங்க, வெற்றிலைக் கொடிக்கால் வைத்தவங்க, ஆத்தங்கரையில் குடியிருக்கிறவங்க எல்லாரும் அந்த எண்ணைத்தான் முதலில் பார்ப்பாங்க. அந்த எண்களைக் கம்ப்யூட்டரில் அட்டவணையாக அடித்து, இரண்டு கிளிக்கில் கோட்டு வரைபடம் போட்டுவிடலாம். ஆனால் அந்தப் படம் உண்மையைக் காட்டுகிறதா என்பது அச்சில்தான் இருக்கிறது.

கணக்குப் பாடத்தில் வரைபடத்தாளின் மூலையில் அளவுத்திட்டம் எழுதுகிறோம் இல்லையா? எழுதாவிட்டால் மார்க் போச்சு. கம்ப்யூட்டரில் நாம் ஒன்றும் சொல்லாவிட்டால் அளவுத்திட்டத்தை அதுவே முடிவு செய்துவிடும். அதற்கு வைகை தெரியாது, வெள்ளம் தெரியாது. எண்களை மட்டும் பார்க்கும்.

வைகை அணையின் முழு உயரம் 71 அடி. 66 அடி வந்தால் முதல் வெள்ள அபாய எச்சரிக்கை, 68.5 அடியில் இரண்டாவது, 69 அடியில் மூன்றாவது. தேனி, திண்டுக்கல், மதுரை, சிவகங்கை, ராமநாதபுரம் என்று ஐந்து மாவட்டத்துக்கும் எச்சரிக்கை போகும். (68.5 அடி என்றால் 68 அடி 5 அங்குலம் இல்லை, 68 அடி 6 அங்குலம். பெரியவங்களே இதை மாற்றிச் சொல்றாங்க.)

ஒரு கணக்குக்காக, ஐந்து நாள் நீர்மட்டம் 66, 66.4, 67, 67.9, 68.5 என்று வைத்துக்கொள்வோம். இதை மட்டும் கொடுத்தால் கம்ப்யூட்டர் ஒய் அச்சை 66-க்குப் பக்கத்திலேயே ஆரம்பிக்கும். கோடு அடியிலிருந்து உச்சிக்குக் கிடுகிடுவென்று ஏறும். அதே அட்டவணையில் கோடைக்காலத்து 40 அடி ஒன்றைச் சேர்த்துப் பாருங்க. அச்சு உடனே 0-வுக்கு இறங்கிவிடும். 0 முதல் 80 வரை உள்ள அச்சில், படம் 8 செ.மீ உயரம் என்றால், நம்ம இரண்டரை அடி ஏற்றம் வெறும் 2.5 மி.மீ! முதல் எச்சரிக்கையிலிருந்து இரண்டாவது எச்சரிக்கை வரை தண்ணீர் ஏறியது ஒரு அரிசி அகலத்தில் அடங்கிவிடுகிறது. எண் மாறவில்லை, அச்சுதான் மாறியது.

அதனால் அச்சை நாமே அமைக்க வேண்டும். லிப்ரே ஆபீஸ் கால்க்கில் படத்தின் மேல் இரட்டைக் கிளிக் செய்யுங்க. பிறகு இடது பக்கம் உள்ள எண்களின் மேல் வலது கிளிக் செய்து ‘பார்மட் ஆக்சிஸ்’ எடுங்க. ‘ஸ்கேல்’ என்ற பக்கத்தில் மினிமம், மாக்சிமம், மேஜர் இன்டர்வல் மூன்றும் இருக்கும். ஒவ்வொன்றின் பக்கத்திலும் ‘ஆட்டோமேட்டிக்’ என்று டிக் போட்டிருக்கும். அதை எடுத்துவிட்டு 60, 72, 2 என்று கொடுங்க. எக்செல்லிலும் ‘பார்மட் ஆக்சிஸ்’தான், பெயர்கள் கொஞ்சம் மாறும்.

ஏன் 60, ஏன் 72? மூன்று எச்சரிக்கையும் முழு உயரமும் இதற்குள் வந்துவிடும். எச்சரிக்கைக் கோடுகளுக்கு அட்டவணையில் தனித்தனிப் பத்தி சேர்த்து, எல்லா நாளுக்கும் 66, 68.5, 69 என்றே அடித்தால் படுக்கைக்கோடாக வரும். தாளில் வரையும்போது 0-வை விட்டுவிட்டால் அச்சின் அடியில் ஒரு நெளிகோடு போடுவோம். கம்ப்யூட்டர் அதைத் தானாகப் போடாது. ஆகவே ‘ஒய் அச்சு 60 அடியில் தொடங்குகிறது’ என்று தலைப்பின் கீழே எழுதிவிடுங்க. ஒவ்வொரு மாதப் படத்துக்கும் இதே அச்சு இருந்தால்தான் பக்கத்தில் பக்கத்தில் ஒட்டி ஒப்பிட முடியும்.

‘இந்த வருசம் குடிதண்ணீருக்கு எவ்வளவு மிச்சம்?’ என்று கேட்டால் 60 உதவாது. அப்போது 0-வில்தான் ஆரம்பிக்க வேண்டும்.

முல்லைப் பெரியாறு அணைக்கு 0-வே ஏமாற்றும்! அந்த அணையில் 104 அடிக்குக் கீழே உள்ள தண்ணீர் சுரங்கம் வழியாக நமக்கு வராது. முழு உயரம் 152 அடி. 2014-ல் உச்ச நீதிமன்றம் 142 அடி வரை தேக்கலாம் என்று தீர்ப்பு சொன்னது. நீர்மட்டம் 128 அடி என்றால், 0–152 அச்சில் கோடு முக்கால் உயரத்தையும் தாண்டி நிற்கும். பார்ப்பவர் ‘அடேயப்பா, நிறையத் தண்ணீர்’ என்பார். 104–152 அச்சில் போட்டால் கோடு சரியாக நடுவில்.

இரண்டு அணையையும் ஒரே படத்தில் போட ஆசையா? பெரியாறு கோட்டின் மேல் வலது கிளிக் செய்து, ‘பார்மட் டேட்டா சீரிஸ்’ஸில் ‘செகண்டரி ஒய் ஆக்சிஸ்’ தேர்ந்தெடுத்தால் வலது பக்கம் இன்னொரு அச்சு வரும். இடது அச்சு 0 முதல் 80, பத்துப் பத்தாக. வலது அச்சு 104 முதல் 152, ஆறு ஆறாக. இரண்டிலும் எட்டு இடைவெளி என்பதால் கோடுகள் நேராகப் பொருந்தும். இது எனக்கு ரொம்பப் பிடித்த கணக்கு! ஆனால் இரு கோடுகளும் வெட்டிக்கொள்ளும் இடத்துக்கு அர்த்தம் தேடாதீங்க. அச்சை மாற்றினால் வெட்டும் இடமும் நகர்ந்துவிடும்.

எக்ஸ் அச்சிலும் ஒரு வம்பு இருக்கிறது. பண்டிகைக்கு மறுநாள் செய்தித்தாள் வராது. அன்றைய எண் கிடைக்காது. தேதியை வெறும் எழுத்தாக எடுத்துக்கொண்டால், 10, 11, 15 ஆகிய தேதிகள் சம இடைவெளியில் நிற்கும். நாலு நாளில் ஏறிய தண்ணீர் ஒரே நாளில் ஏறியது மாதிரித் தெரியும். எக்ஸ் அச்சின் ஸ்கேல் பக்கத்தில் ‘டேட்’ என்று மாற்றினால் இடைவெளி சரியாகிவிடும். தேதியை 10.11 என்று புள்ளி வைத்து அடித்தால் அது பத்து தசமம் பதினொன்று ஆகிவிடலாம். சாய்கோடு போட்டு, வருடத்தோடு அடியுங்க. நாள் முதலா மாதம் முதலா என்றும் பார்த்துக்கொள்ளுங்க.

இப்போது உங்களுக்கு ஒரு கணக்கு. படத்தின் உயரம் 12 செ.மீ. ஒன்றில் ஒய் அச்சு 0–80, இன்னொன்றில் 60–72. முதல் எச்சரிக்கைக் கோட்டுக்கும் மூன்றாவது எச்சரிக்கைக் கோட்டுக்கும் நடுவே ஒவ்வொரு படத்திலும் எத்தனை மி.மீ இருக்கும்? விடையைத் துண்டுச் சீட்டில் எழுதி என்னிடம் கொடுங்க. சரியாகச் சொன்னவங்க பெயர் அடுத்த இதழில் வரும்.

— ஒன்பதாம் வகுப்பு மாணவி