இதய அறுவைக்குப் பின் நாயுடன் கடலோர நடை

மார்பெலும்பைத் திறந்து இதய அறுவை செய்துகொண்டவர்க்கு நடைப்பயிற்சி இன்றியமையாதது. "வளர்ப்பு நாயையும் உடன் அழைத்துச் செல்லலாமா?" எனப் பலர் வினவுவர். செல்லலாம்; ஆயின் நாயின் கயிறு உடன் வருபவர் கையில் இருத்தல் வேண்டும். அறுவையில் பிளந்து இணைக்கப்பட்ட எலும்பு கூடுவதற்குப் பொதுவாக 6 முதல் 12 வாரங்கள் ஆகும். தெருநாயைக் கண்டு வளர்ப்பு நாய் திடீரெனப் பாய்ந்து இழுப்பின், அவ்விணைப்பு நெகிழக்கூடும்.

சென்னையில் வாழ்வோர்க்குப் பெசன்ட் நகர் எலியட்ஸ் கடற்கரை ஏற்ற இடம். வங்கக் கடலில் கதிரவன் எழுவதைக் கண்டவாறே நடக்கலாம். 1930இல் நீரில் தத்தளித்தோரைக் காக்க முயன்று உயிர்நீத்த டென்மார்க் மாலுமி கார்ல் ஷ்மிட்டின் நினைவுச் சின்னம் அங்கு உள்ளது. அதனைத் தொலைவின் அடையாளமாகக் கொண்டு, நடையைச் சிறிது சிறிதாக நீட்டுக. தொடக்கத்தில் நடைபாதையே நன்று. மணலில் கால் புதைவதால் இதயத்தின் உழைப்பு மிகும்.

பேசிக்கொண்டே நடக்க இயலும் வேகம் போதும். வெயில் ஏறுமுன் திரும்புக. தரை சுட்டால் நாயின் பாதமும் புண்ணாகும். நெஞ்சுவலியோ மூச்சுத் திணறலோ தோன்றின் உடனே அமர்க. தணியாவிடில் உடன் வருபவர் 108ஐ அழைத்தல் வேண்டும். கயிற்றை மீண்டும் கையிலெடுக்கும் நாளை மருத்துவரிடம் கேட்டறிக.