கடதாசி சொல்லும் சாத்திரம்



கொப்பியில் கிழித்த ஒரு தாளை மடித்து, இரு கைவிரல்களிலும் மாட்டி, சொண்டு போலத் திறந்து மூடி, "உனக்குச் சாத்திரம் சொல்லட்டுமா?" என்று பாடசாலைப் பிள்ளைகள் கேட்பதைப் பார்த்திருப்பீர்கள். இதுவும் சாத்திரம் பார்ப்பதுதானே, தடுக்க வேண்டாமா என்று பெற்றோர் சிலர் எண்ணக்கூடும். தடுப்பதற்கு முன் நாமே ஒருமுறை அதைச் செய்து பார்ப்போம்.

செய்யும் முறை

சதுரமான கடதாசி ஒன்றை எடுங்கள். மூலைக்கு மூலை இரண்டு தரம் மடித்து விரித்தால் நடுப்புள்ளி தெரியும். நான்கு மூலைகளையும் அந்தப் புள்ளிக்கு மடியுங்கள். தாளைத் திருப்பி, புதிதாக வந்த நான்கு மூலைகளையும் மறுபடி நடுவுக்கு மடியுங்கள். பின்பு நெடுக்காகவும் குறுக்காகவும் பாதியாய் மடித்து விரித்து, அடியிலுள்ள நான்கு பைகளுக்குள் இரு கைகளின் பெருவிரலையும் சுட்டுவிரலையும் செருகுங்கள். வெளியே நான்கு நிறங்களின் பெயர்களையும், உள்ளே வரிசையாக 1 முதல் 8 வரை இலக்கங்களையும், இலக்கங்களின் அடியில் எட்டுப் பதில்களையும் எழுதுங்கள்.

1928 இல் வெளிவந்த ஆங்கில நூலொன்றில் இதே உருவத்துக்கு உப்புக் கிண்ணம் என்று பெயர். கவிழ்த்து வைத்தால் அதன் நான்கு குழிகளிலும் உப்பும் மிளகுத் தூளும் இடலாம். நாம் எழுதியதால்தான் அது சாத்திரியாகிறது.

இரகசியம் எங்கே?

நிறத்தின் எழுத்துக்களை எண்ணி, எழுத்துக்கு ஒருமுறையாக, நெடுக்கும் குறுக்கும் மாறிமாறித் திறவுங்கள். சிவப்பு, மஞ்சள் இரண்டுக்கும் நான்கு எழுத்துக்கள். நீலம், பச்சை இரண்டுக்கும் மூன்று. ஒரு பக்கமாகத் திறந்தால் 1, 2, 5, 6 தெரியும். மறுபக்கமாகத் திறந்தால் 3, 4, 7, 8 தெரியும். ஆகவே சிவப்பென்றாலும் மஞ்சளென்றாலும் வருவது ஒரே நான்கு இலக்கங்களே. கடதாசிக்கு நம்மைப்பற்றி எதுவும் தெரியாது. இரட்டையா ஒற்றையா என்ற கணக்கும், பதிலை எழுதிய கையும் மட்டுமே அங்கு உண்டு. இதைப் பிள்ளை தானே கண்டுபிடிக்கட்டும். காசு வாங்கிக்கொண்டு குறி சொல்பவர் முன் நாளை உட்கார நேர்ந்தால், அப்போதும் அது எண்ணிப் பார்க்கும்.

நாளையைக் குறித்த பயம்

விளையாட்டு பாவமல்ல. ஆனால் வளர்ந்தவர்களாகிய நாம் அதே கேள்வியை விளையாட்டின்றிக் கேட்கிறோமே! படகு பத்திரமாகத் திரும்புமா? வெளிநாடு போன மகனுக்கு வழி திறக்குமா? மகளின் கலியாணம் எப்போது? கேள்விகள் நியாயமானவை, அவற்றின் பின்னாலுள்ள பயமும் உண்மையானது. குறி கேட்பதை இணைச்சட்ட நூல் 18 ஆம் அதிகாரம் விலக்குகிறது. 1992 இல் வெளியான கத்தோலிக்கத் திருச்சபையின் மறைக்கல்வி நூல், 2115, 2116 ஆம் எண்களில், கைரேகை, சோதிடம் யாவற்றையும் தள்ளிவிட்டு எதிர்காலத்தை இறை பராமரிப்பில் ஒப்படைக்கச் சொல்கிறது. அதேவேளை, முன்யோசனையின்றி இருப்பது பொறுப்பின்மை ஆகலாம் என்றும் எச்சரிக்கிறது.

2004 டிசம்பர் 26 ஆம் திகதி கடல் கரையேறியதைத் திருகோணமலைக் கரையோரம் மறக்காது. அதன்பின் இந்து சமுத்திர நாடுகள் அமைத்த சுனாமி எச்சரிக்கை ஏற்பாடு இயங்குகிறது. நில அதிர்வையும் கடல் மட்டத்தையும் அளந்து அது எச்சரிக்கிறது. வாடைக்காற்றுக் காலத்தில் வானிலை அறிவித்தலைக் கேட்டுப் படகை இறக்குவதும் அவ்வாறே. காரணத்தை ஆராய்ந்து அறிவது குறி கேட்பதாகாது. கடவுள் தந்த புத்தியைப் பயன்படுத்திவிட்டு, நம் கைக்கு எட்டாததை அவரிடம் விடுவதே விசுவாசம்.

பெற்றோருக்கு ஒரு வேலை

பிள்ளைகளின் கடதாசியை வாங்கி, அடியில் எழுதியிருப்பதை வாசியுங்கள். "நீ சோதனையில் தவறுவாய்", "உன்னை ஒருவரும் விரும்பார்" என்றிருந்தால் அங்கே திருத்த வேண்டியது உண்டு. ஏற்கெனவே பயந்திருக்கும் பிள்ளை அந்த வரியை வீடுவரை சுமந்து வரும். இன்னொரு தாளை மடித்துக் கொடுங்கள். "அம்மம்மாவுக்குத் தண்ணீர் எடுத்துக் கொடு", "கோபித்த சிநேகிதனோடு கதை", "வருத்தக்காரர் ஒருவருக்காகச் செபி" என எட்டுக் காரியங்களை எழுதட்டும். இரவு செபம் முடிந்ததும் ஆளுக்கொன்று திறந்து பாருங்கள். வந்ததை மறுநாள் செய்யுங்கள்.